பழைய குப்பைமேட்டைத் தோண்டியாயிற்று, இனி எதைச் சோதிப்பது?

கேள்வி இது: 25 ஆண்டுப் பழைய குப்பைமேடு ஒன்றைத் தோண்டிச் சலித்து மண், பிளாஸ்டிக், கல் என்று மூன்று குவியலாகப் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு பை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், எதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிடுவார்களா?

சொல்ல மாட்டார்கள், அவர்களால் சொல்லவும் முடியாது. ஆய்வகம் தருவது எண்களைத்தான். ஒரு கிலோ மண்ணில் 300 மி.கி. ஈயம் இருக்கிறது என்று அறிக்கை வந்தால், அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா? அந்த மண் ஒரு சாலையின் அடியில் போய் மேலே தார் மூடப்போகிறது என்றால் ஒரு பதில். குழந்தைகள் உட்கார்ந்து கையால் அளையும் பூங்காவுக்குப் போகிறது என்றால் வேறு பதில். கீரை விதைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு பதில். எண் ஒன்றுதான், போகிற இடம்தான் வேறு. அதனால் முதலில் இது எங்கே போகப்போகிறது, அங்கே யார் மேல் எந்த வழியாகப் படும் என்பதை முடிவு செய்யுங்கள். சோதனைப் பட்டியல் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறிப்போய், எடுத்த மாதிரியும் கொடுத்த பணமும் வீணானதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், ஒரு பை போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிழை பெரும்பாலும் ஆய்வகத்தில் நடப்பதில்லை, அதற்கு முன்னால் மண்வெட்டி இறங்கும் இடத்திலேயே நடந்துவிடுகிறது.

சலித்த மண்ணில் ஒரு பழைய டார்ச் பேட்டரியின் சிதைந்த ஓடு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடு துத்தநாகம். அதிலிருந்து ஒரு கிராம் துண்டு உங்கள் ஒரு கிலோ பைக்குள் விழுந்தால், அறிக்கையில் துத்தநாகம் கிலோவுக்கு 1,000 மி.கி. கூடுதலாக வரும். விழாவிட்டால் வராது. இரண்டு பையும் ஒரே குவியலில், ஒரு கை தூரத்தில் எடுத்தவை. ஆய்வகத்துக்குள் இது இன்னும் மோசம். உலோகச் சோதனைக்கு அவர்கள் அமிலத்தில் கரைப்பது பெரும்பாலும் அரை கிராம், ஒரு கிராம் அளவுதான். அந்த அரை கிராமில் ஒரு மில்லிகிராம் துகள் இருந்தாலே 2,000 மி.கி. என்று எண் எகிறிவிடும். கருவி துல்லியமாகத்தான் அளந்திருக்கும், ஆனால் அது அளந்தது உங்கள் குவியலை அல்ல.

இதற்கு மாற்று வழி கஷ்டமானதல்ல, பொறுமை மட்டும் வேண்டும். குவியலின் ஒரே ஓரத்தில் அள்ளாமல் பல இடங்களில், பல ஆழங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். குவியலின் அடிவாரத்தில் எப்போதும் பெரிய கற்கள் உருண்டு சேர்ந்திருக்கும், உச்சியில் நைசான பொடி தங்கியிருக்கும். அதனால் ஓரத்தில் மட்டும் எடுத்த மாதிரி பொய் சொல்லும். எடுத்ததைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, கூம்பாகக் குவித்து, மேலே அழுத்தித் தட்டையாக்கி, நான்காகப் பிரியுங்கள். எதிரெதிராக உள்ள இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். வேண்டிய அளவு வரும்வரை இப்படியே. சலிக்காத கலவைக் குப்பையைக் கையால் வகை பிரிக்க வேண்டுமானால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 கிலோ எடுப்பது வழக்கம். அதற்குக் கீழே போனால் ஒரு செருப்பும் ஒரு செங்கல்லுமே சதவீதத்தை மாற்றிவிடும்.

இதில் நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். ஒரு மேட்டில் எல்லாக் குழிகளின் மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினேன். எண்கள் அழகாக வந்தன. பிறகு வேறு காரணத்துக்காக ஒரு மூலையைத் தனியாகச் சோதித்தபோதுதான், அங்கே மட்டும் ஏதோ ஒரு பட்டறையின் கழிவு கொட்டப்பட்டிருந்தது தெரிந்தது. குரோமியமும் நிக்கலும் அந்த மூலையில் குவிந்து கிடந்தன. சராசரி அதை விழுங்கியிருந்தது. அதன் பிறகு குழிக்குக் குழி, அடுக்குக்கு அடுக்கு தனித்தனி மாதிரிதான் எடுக்கிறேன். செலவைக் குறைக்க, எல்லாவற்றையும், உலோக அளவை அங்கேயே தோராயமாகக் காட்டும் கையடக்க எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் ஒரு சுற்று பார்த்துவிட்டு, சந்தேகமானவற்றை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புவேன். அந்தக் கருவிக்கு மண் உலர்ந்திருக்க வேண்டும், ஈர மண்ணில் எண் குறைத்துக் காட்டும்.

நீங்கள் ஏற்கனவே தோண்டிவிட்டதால், எந்தக் குவியல் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்ற விவரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இனி தோண்டும் பகுதிக்காவது எழுதி வையுங்கள். அடுக்கின் வயதை அறிய ஷாம்பு பாக்கெட், மருந்துப் பட்டை, பிளாஸ்டிக் உறை இவற்றில் அச்சிட்ட தேதியே போதும். மேட்டில் எடுத்த ஒரு கைப்பிடி அளவு களிமண் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். உருண்டை குழைந்து கரைந்தபின் மேலே இரண்டு மூன்று பிளாஸ்டிக் துணுக்குகள் மிதக்கும். அடியில் கண்ணாடிச் சில்லு, ஒரு பாட்டில் மூடி, நூல், சின்ன எலும்பு கிடக்கும். அந்தத் துணுக்குகளில் ஒன்றைத் துடைத்தால், தயாரித்த மாதமும் வருஷமும் நேற்று அடித்ததுபோல் இருக்கும். உங்கள் மேட்டில் என்ன கிடக்கிறது என்பதை எந்த அறிக்கையையும்விட அந்த வாளி தெளிவாகக் காட்டும்.

"25 வருஷம் ஆயிற்று, எல்லாம் மட்கி மண்ணாகியிருக்கும்" என்ற நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973-ல் குப்பையை ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 1987 முதல் அமெரிக்கக் குப்பைக் கிடங்குகளையே தோண்டிப் பார்த்தார். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் எழுத்து அழியாமல், படிக்கிற நிலையில் கிடைத்தன. மட்குவதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். அழுத்தி மூடிய மேட்டின் நடுவில் இரண்டும் குறைவு. அதனால் வயதை மட்கிய அளவுக்கு ஆதாரமாகக் கொள்ளாமல், அதைத் தனியாக அளந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, குவியல்களுக்கு வருவோம். பெரும்பாலும் எல்லாருடைய கண்ணும் பிளாஸ்டிக் மேல்தான் போகும். ஆனால் எடையில் பெரும்பங்கு சலித்த மண். பல பழைய மேடுகளில் பாதிக்கும் மேல் அதுதான். அதற்கு வழி கிடைத்தால் திட்டம் நடக்கும். கிடைக்காவிட்டால், தோண்டியதில் பாதியை மறுபடி எங்கோ கொட்ட வேண்டியதுதான். ஆகவே உங்கள் பணத்தில் பெரும்பகுதியை மண்ணில் போடுங்கள்.

குப்பைமேட்டைத் தோண்டிப் பயன்படுத்தியதாகப் பதிவான முதல் முயற்சியே மண்ணுக்காகத்தான் நடந்தது. 1953-ல் டெல் அவிவில் தோண்டிச் சலித்த மண்ணைப் பழத்தோட்டங்களுக்கு உரமாகப் போட்டார்கள். அன்றைய குப்பையில் பிளாஸ்டிக்கும் பேட்டரியும் அவ்வளவாகக் கிடையாது. இன்றைய மேட்டு மண்ணை அதே நம்பிக்கையோடு தோட்டத்தில் போட நான் சம்மதிக்க மாட்டேன். 1980-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் காலியர் கவுண்டியில் தோண்டியபோது, மண்ணைக் கிடங்கிலேயே குப்பையை மூடும் மண்ணாகப் பயன்படுத்தினார்கள். பகட்டில்லாத உபயோகம்தான். ஆனால் அதற்காக வெளியிலிருந்து நல்ல மண்ணை வெட்டி எடுப்பது மிச்சமாகிறது. என் பார்வையில் மேட்டு மண்ணுக்கு மிக நேர்மையான முதல் உபயோகம் இதுவே.

மண்ணில் சோதிக்க வேண்டியது என்ன? முதலில் ஈரப்பதம். 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடைபோட்டால் தெரிந்துவிடும். இது எளிது என்று விட்டுவிடாதீர்கள். அறிக்கையில் உள்ள எல்லா எண்களும் ஈர எடைக்கா உலர் எடைக்கா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு ஆய்வகம் ஈர எடைக்கும் மற்றொன்று உலர் எடைக்கும் எண் கொடுத்தால், 35 சதவீத ஈரம் உள்ள ஒரே மண் இரண்டு வேறு மண்ணாகத் தெரியும்.

அடுத்து, அதில் இன்னும் மட்காமல் இருக்கும் பொருள். 550 டிகிரியில் எரித்து எடை இழப்பைப் பார்ப்பது மலிவான வழி. ஆனால் அதில் பிளாஸ்டிக் துணுக்கும் எரிந்து மட்கும் பொருளாகக் கணக்கில் வந்துவிடும். களிமண்ணுக்குள் கட்டுண்ட நீரும் சேர்ந்துகொள்ளும். அதனால் எரிப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்கிவிட வேண்டும். இதைவிட நம்பகமானது சுவாசச் சோதனை. மண்ணை ஈரமாக்கி நான்கு நாள் மூடிய கலத்தில் வைத்து, அதில் உள்ள நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன என்று அளப்பது. ஜெர்மனியில், பதப்படுத்திய கழிவைக் கிடங்கில் சேர்க்க, உலர் எடை ஒரு கிராமுக்கு 5 மி.கி. ஆக்சிஜன் என்பதை வரம்பாக வைத்தார்கள். பள்ளத்தை நிரவப் போடப்போகும் மண்ணுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். மட்காத பொருள் மிச்சமிருந்தால் தரை பின்னாளில் இறங்கும், மீத்தேனும் வரும்.

இனி உலோகங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மொத்த அளவு வேறு, கசியும் அளவு வேறு. ஈயம் மண்ணில் இரும்பு ஆக்சைடோடும் மட்கிய பொருளோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம். மொத்தம் அதிகமாக இருந்தாலும் தண்ணீரில் ஏறக்குறைய எதுவும் இறங்காது. நிலத்தடி நீர் பற்றிய கவலைக்குக் கசிவுச் சோதனை தான் பதில். ஆனால் குழந்தை வாயில் போகும் தூசி பற்றிய கவலைக்கு மொத்த அளவையும் பார்க்க வேண்டும், வயிற்று அமிலம் மழைநீர் போல் மென்மையானதல்ல.

கசிவுச் சோதனையில் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். டிசிஎல்பி என்ற அமெரிக்கச் சோதனை எல்லாருக்கும் தெரிந்தது. அதில் மண்ணைப்போல் 20 மடங்கு எடையுள்ள அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை வீட்டுக் குப்பையோடு சேர்த்துக் கொட்டினால் ஆபத்தான கழிவாக நடந்துகொள்ளுமா? அதில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 5 மி.கி. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 0.01 மி.கி. இரண்டுக்கும் இடையே 500 மடங்கு வித்தியாசம். ஆகவே டிசிஎல்பியில் தேறிய மண், ஆபத்தான கழிவு என்ற வகையில் சேராது, அவ்வளவே. 'தேறிவிட்டது, எங்கும் போடலாம்' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும். 20 மடங்கு கரைசல் என்பதால், மண்ணில் உள்ள ஈயம் முழுவதும் கரைந்தாலும் கரைசலில் வருவது மொத்த அளவில் 20-ல் ஒரு பங்கு. மொத்தம் கிலோவுக்கு 100 மி.கி.க்குக் கீழ் இருந்தால் லிட்டருக்கு 5-ஐத் தாண்ட வழியே இல்லை. அந்த மாதிரிக்கு டிசிஎல்பி கேட்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஐரோப்பியத் தரமுறையிலுள்ள சாதாரண நீர்க் கசிவுச் சோதனையைக் கேளுங்கள்: ஒரு கிலோ உலர் மண்ணுக்கு 10 லிட்டர் தண்ணீர், 24 மணி நேரம் குலுக்கல், 0.45 மைக்ரான் வடிகட்டி. மழை நனைக்கப்போகும் மண்ணுக்கு அதுவே பொருத்தம். அதில் லிட்டருக்கு 1 மி.கி. வந்தால் மண்ணில் கிலோவுக்கு 10 மி.கி. கசிந்தது என்று பொருள். இந்த இரண்டு அலகையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்ல வேண்டும். மேட்டுக்குள் காற்றில்லாமல் கிடந்தவரை பல உலோகங்கள் சல்ஃபைடாக, கரையாத நிலையில் இருக்கும். தோண்டி வெளியே பரப்பியதும் காற்று படுகிறது. சல்ஃபைடு சல்ஃபேட்டாக மாறுகிறது. அப்போது கரைதிறன் கூடும், பிஎச் மதிப்பும் இறங்கலாம். தோண்டிய அன்று எடுத்த மாதிரி நன்றாக இருந்து, மூன்று மாதம் மழையில் கிடந்த அதே மண் வேறு எண் காட்டுவது இதனால்தான். உங்கள் குவியல்கள் வெளியில் கிடப்பதால், இன்றைய மாதிரியோடு சில வாரம் காற்றில் புரட்டிய மாதிரியையும் அனுப்புங்கள். பயன்பாட்டில் இருக்கப்போவது இரண்டாவது நிலைதான்.

உப்பை மறந்துவிடாதீர்கள். குளோரைடு, சல்ஃபேட், மின்கடத்து திறன் மூன்றும் மலிவான சோதனைகள். மண்ணின் கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர் மண் என்று கணக்கு, பல செடிகள் தாங்காது. குளோரைடு இரும்புக் கம்பியை அரிக்கும், சல்ஃபேட் கான்கிரீட்டைத் தின்னும். கசிவு நீர் டீத் தண்ணீர் நிறத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். கரைந்த கரிமப் பொருளின் அடையாளம் அது. நிரவலுக்குப் போட்டபின் அந்த நிறம் பக்கத்துக் கிணற்றில் தெரிந்தால், உலோக எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் உங்களை நம்ப மாட்டார்கள், நம்பாததில் தவறும் இல்லை.

எல்லா எண்களையும் எதோடு ஒப்பிடுவது? பக்கத்தில் குப்பை படாத நிலத்தின் மண்ணோடும்தான். அந்த மண்ணிலும் அதே அளவுக்கு ஒரு மாதிரி எடுத்து அனுப்புங்கள். சில இடங்களில் இயற்கை மண்ணிலேயே குரோமியமும் நிக்கலும் அதிகம்.

தோட்ட மண்ணாக விற்கலாமா என்று கேட்டால், உணவுப் பயிருக்கு வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. உலோக வரம்பில் தேறினாலும் வேண்டாம். 4 மி.மீ. சல்லடையில் இறங்கிய மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்காதீர்கள், கிழித்துவிடும். அத்தனை கண்ணாடி ஊசிகள் அதில் இருக்கும். பிளாஸ்டிக் இழைகளும் அதோடு நிலத்துக்குப் போகும், திரும்பப் பொறுக்க முடியாது.

பிளாஸ்டிக் குவியலுக்கு வருகிறேன். முதலில் அது எவ்வளவு பிளாஸ்டிக் என்று பாருங்கள். 10 கிலோவை எடை போட்டு, 75 டிகிரியில் உலர்த்தி எடை போட்டு, கழுவி மறுபடி உலர்த்தி எடை போடுங்கள். பாதிக்குப் பாதி மண்ணும் தண்ணீருமாகப் போய்விட்டால் ஆச்சரியப்படாதீர்கள். மெல்லிய பைகளின் மடிப்புக்குள் களிமண் பசைபோல் ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் சலித்தது என்றால் இன்னும் அதிகம். அதனால்தான் பரப்பி, புரட்டி, உலர்ந்தபின் சலிக்கச் சொல்கிறார்கள்.

மறுசுழற்சிக்குப் போகுமா? கழுவியதில் ஒரு பங்கு போகலாம். மேட்டுக்குள் வெயில் படாததால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நாம் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கும். எவ்வளவு சிதைந்தது என்பதை அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ.⁻¹ என்ற அலையெண்ணருகே எழும் கார்பனைல் பட்டை (பிளாஸ்டிக்கில் ஆக்சிஜன் சேர்ந்ததன் அடையாளம்) காட்டும். கறுப்பு பிளாஸ்டிக்கை மட்டும் வகை பிரிக்கும் ஆலைகளில் உள்ள அண்மை அகச்சிவப்புக் கருவிகளால் அடையாளம் காண முடியாது, அதிலுள்ள கரி ஒளியை விழுங்கிவிடும். பழைய மின் சாதன ஓடுகளில் புரோமின் சேர்ந்த தீத்தடுப்பு வேதிப்பொருளும், பழைய பிவிசியில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். இப்போது தடை செய்யப்பட்டவற்றை மறுசுழற்சி மூலம் புதுப் பொருளுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது. ஆகவே உணவு தொடும் பொருள், பொம்மை இரண்டுக்கும் இந்தப் பிளாஸ்டிக் ஆகாது.

பெரும்பாலும் மிஞ்சும் வழி சிமெண்ட் உலைக்கு எரிபொருள். சுத்தமான பாலிஎத்திலீன் கிலோவுக்கு 43 மெகாஜூலுக்கு மேல் வெப்பம் தரும். உங்கள் குவியலில் 45 சதவீதம் பிளாஸ்டிக், 30 சதவீதம் மண், 25 சதவீதம் தண்ணீர் என்று வைத்தால், கிலோவுக்கு ஏறக்குறைய 19 தான் வரும். அந்த எண் மோசமில்லை, உலர்ந்த விறகுக்குச் சமம். உலைக்காரர் தயங்குவது குளோரினுக்காக. பிவிசியின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். கொஞ்சம் கலந்தாலே எண் ஏறிவிடும், உலையின் மேல்பகுதியில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கழிவிலிருந்து செய்யும் எரிபொருளுக்கான ஐரோப்பியத் தரவகைப்பாட்டில் முதல் வகுப்புக்கு 0.2 சதவீதம், மூன்றாம் வகுப்புக்கு 1 சதவீதம் குளோரின் என்று வரம்பு. இங்கே ஒரு வாளித் தண்ணீர் உதவும். கழுவிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பிவிசியும் பெட் பாட்டிலும் மூழ்கும். மிதந்ததை மட்டும் சோதனைக்கு அனுப்பிப் பாருங்கள். கழுவாத மாதிரி, கழுவிய மாதிரி, மிதந்த மாதிரி மூன்றின் குளோரினையும் ஒப்பிட்டால், உங்கள் குளோரின் உப்பிலிருந்து வருகிறதா, பிவிசியிலிருந்து வருகிறதா என்று தெரிந்துவிடும். உப்பு என்றால் கழுவினால் போகும். பிவிசி என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கல்லும் செங்கல்லும் அவ்வளவு தொல்லை தராது. கழுவி, சல்ஃபேட்டும் உறுதியும் பார்த்து, சாலையின் அடித்தளத்துக்கு அனுப்பலாம். ஜிப்சம் பலகை கலந்திருந்தால் மட்டும் பிரித்தெடுங்கள், காற்றில்லாத ஈரத்தில் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வரும். அலைவடிவக் கல்நார்த் தகட்டின் துண்டு ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தக் குவியலை உடைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள். முதலில் நுண்ணோக்கிச் சோதனை. இரும்பையும் அலுமினியத்தையும் காந்தமும் சுழல்மின்னோட்டக் கருவியும் பிரித்துவிடும், அதற்கு ஆய்வகம் தேவையில்லை.

இனியும் தோண்டப்போகிறீர்கள் என்பதால் வேலையாட்களைப் பற்றி. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும், அதுதான் அதன் ஆபத்து. குழிக்குள் ஆளை இறக்காமல் இயந்திரத்தால் மாதிரி எடுங்கள். வாயு அளக்கும் கருவி ஒவ்வொரு குழு கையிலும் இருக்க வேண்டும். மாதிரி பிரிக்கும் மேசையில் ஊசியும் கண்ணாடியும் வரும், ரப்பர் கையுறை மட்டும் போதாது.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது இதுதான். மண் குவியலில் பகுதிவாரியாகப் பத்து மாதிரி, பக்கத்து நிலத்தில் இரண்டு. பன்னிரண்டுக்கும் ஈரப்பதம், பிஎச், கடத்து திறன், உலர்த்திய பின் எக்ஸ்ரே கருவி. அதில் மோசமான மூன்றுக்கும் நடுத்தரமான ஒன்றுக்கும் அமிலத்தில் கரைத்த மொத்த உலோகம், நீர்க் கசிவு, சுவாசச் சோதனை. பிளாஸ்டிக்கில் கழுவும் சோதனையும் மூன்று குளோரின் மாதிரியும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு கிலோவை உலர்த்தி, மூடிய ஜாடியில் இடம், ஆழம், தேதி எழுதி எடுத்து வையுங்கள். எண்கள் வந்ததும், மண் எங்கே போகப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைப் பார்த்து அடுத்த சோதனை எது என்று யோசிப்போம்.